கைப்பிடி எங்கிருந்து தொடங்கியது

நியூ ஜெர்சியில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் வழக்கமான ஒரு பயணம் உண்டு. புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு காரில் ஏறினால் நயாகரா. போகிற வழியில் வாட்கின்ஸ் கிளென் பள்ளத்தாக்கு. நேரம் மிச்சமிருந்தால் திரும்பும்போது கார்னிங் ஊரில் கண்ணாடி அருங்காட்சியகம், காபிக்கும் கழிவறைக்கும் சேர்த்து ஒரு மணி நேரம். போன கோடையில் நாங்களும் அப்படித்தான் கிளம்பினோம். நயாகராவை அப்பா இருபது நிமிடம் பார்த்தார். கார்னிங்கில் இரண்டு நாள் தங்கினோம்.

அப்பா 31 ஆண்டுகள் கண்ணாடி ஊதியவர். திருச்சியில் ஒரு கல்லூரியின் வேதியியல் துறை. மாடிப்படிக்கு அடியில் சின்ன அறை. எல்பிஜியும் ஆக்ஸிஜனும் சேர்ந்து எரியும் பர்னருக்கு முன்னால் உட்கார்ந்து, கன்டென்சர், டிஸ்டிலேஷன் ஹெட், வேக்குவம் லைன் என்று ஆராய்ச்சி மாணவர்கள் தாளில் கிறுக்கிக்கொண்டு வருவதையெல்லாம் செய்துகொடுப்பார். பள்ளி விட்டதும் நான் நேராக அங்கேதான் போவேன். ஒரு முனை அடைத்த கண்ணாடிக் குழாய், மறுமுனையில் ரப்பர் டியூப், அதன் நுனி அப்பாவின் உதட்டில். இரண்டு கைகளும் குழாயை உருட்டிக்கொண்டே இருக்கும். கண்ணில் இளம் ஊதா நிற டிடிமியம் கண்ணாடி. குழாய் இளகும்போது சுடர் மஞ்சளாகக் கொழுந்துவிடும். அது சோடியத்தின் மஞ்சள். அதை வடிகட்டினால்தான் சுடருக்குள் கண்ணாடி என்ன செய்கிறதென்று தெரியும். எனக்கென்று இன்னொரு டிடிமியம் கண்ணாடியை ஆணியில் மாட்டி வைத்திருப்பார். அதைப் போட்டுக்கொண்டு பார்த்தால் மஞ்சள் அப்படியே மறைந்துபோய், வெல்லப்பாகு போல் நெளியும் குழாய் மட்டும் தெரியும்.

அப்படிப்பட்டவரைக் கார்னிங்குக்குக் கூட்டிப்போகிறோம் என்பது எனக்கே வாசலில் இறங்கியபோதுதான் உறைத்தது. சூடு தாங்கும் பைரெக்ஸ் கண்ணாடி 1915இல் விற்பனைக்கு வந்தது இந்த ஊர்த் தொழிற்சாலையிலிருந்துதான். அவர் வாழ்நாள் முழுக்கக் கையில் உருட்டியதும் அதே போரோசிலிகேட் இனம்தான்.

உள்ளே போனதும் எல்லோரும் நிற்கும் இடம் 200 அங்குலத் தொலைநோக்கிக் கண்ணாடி. கலிஃபோர்னியாவின் பாலோமார் மலை ஆய்வகத்துக்காக 1934இல் வார்த்து, சரியாக அமையாமல் போன முதல் வட்டு. அப்பா அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது வார்ப்பு வேலை" என்று நகர்ந்தார். ரோமக் கண்ணாடிகள் இருக்கும் பகுதிக்கு வந்ததும்தான் நடை நின்றது. அங்கேயும் பெயர்பெற்ற பொருள்களின் முன்னால் அல்ல. கூண்டுக் கிண்ணம் என்று ஒன்று இருக்கிறது: தடித்த கண்ணாடியை மாதக்கணக்கில் குடைந்து, உள்ளே கிண்ணமும் வெளியே வலையுமாகப் பிரித்து, இரண்டுக்கும் நடுவே மெல்லிய தூண்கள் மட்டும் விட்டிருப்பார்கள். அதற்கு ஒரு கும்பிடு போட்டார். பிறகு யாரும் நிற்காத ஒரு பேழையின் முன்னால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டார்.

அதில் இருந்தது ஒரு கூஜா. சாணளவு உயரம். கடல்தண்ணீரின் பச்சை கலந்த நீலம். கழுத்து சற்றே ஒருபக்கம் சாய்ந்திருந்தது. பக்கத்தில் இருந்த குறிப்பு மூன்று சொல்லில் முடிந்தது: இடம், நூற்றாண்டு, ஊதிச் செய்தது. அப்பா அதைப் படிக்கவே இல்லை.

"பாப்பா, இங்க பாரு. கைப்பிடியை எங்க ஆரம்பிச்சிருக்கான்?"

நான் மேலே, வாயைக் காட்டினேன். காபிக் கோப்பையின் காது மேலிருந்து கீழே வளைந்து இறங்குவதாகத்தான் எப்போதும் என் கண்ணுக்குப் பட்டிருக்கிறது.

"இல்ல. தோள்ல. இந்த இடத்துல தடிமனா உட்கார்ந்திருக்கு பாரு, பூனைப் பாதம் மாதிரி. சூடான கண்ணாடியை இங்கதான் முதல்ல வச்சு அழுத்தியிருக்கான். அங்கேருந்து மேல இழுத்திருக்கான். போகப்போக மெலிசாகுது பாரு. வாய்க்கிட்ட வந்ததும் மடிச்சு ஒட்டியிருக்கான். மிச்சம் இருந்ததை வெட்டாம, அது மேலேயே இன்னொரு மடிப்பு."

அவர் சொன்ன பிறகு அதை வேறு மாதிரிப் பார்க்கவே முடியவில்லை. கைப்பிடியின் மேலே இருந்த அந்த மடிப்பை முதலில் அலங்காரம் என்றுதான் எண்ணியிருந்தேன். அது மிச்சம். இழுத்துக்கொண்டு வந்த கண்ணாடி வாயைத் தொட்டதும் கையில் இன்னும் கொஞ்சம் இருந்திருக்கிறது. அதை வீணாக்காமல் சுருட்டி வைத்ததில், தூக்கும்போது கட்டைவிரல் பதிய வாகான ஒரு இடம் கிடைத்துவிட்டது.

"எவ்வளவு நேரத்துல செஞ்சிருப்பான்ப்பா?"

"கைப்பிடிக்கா? பத்து எண்றதுக்குள்ள முடிச்சாகணும். அதுக்கு மேல போனா விறைச்சிடும், இழுபடாது."

அடுத்த இரண்டு மணி நேரம் எனக்குப் பாடம். பாத்திரத்தின் அடியில் நாணய அளவில் ஒரு சொரசொரப்பான தழும்பு. ஊதுகுழலில் இருந்தபடியே உடலைச் செய்து முடித்ததும், அடியில் ஒரு இரும்புக் கம்பியைச் சூடான கண்ணாடி வைத்து ஒட்டி, ஊதுகுழல் பக்கத்தைத் தட்டி உடைத்துவிட்டு, அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் வாயைச் சூடாக்கிச் சரிசெய்ய முடியும். கம்பியை உடைத்தெடுத்த இடம்தான் தழும்பு. கழுத்தில் இருந்த காற்றுக் குமிழிகள் நீளநீளமாக அரிசிபோல் இருந்தன. அடிப்பக்கத்தில் உருண்டையாக. கண்ணாடி எந்தப் பக்கம் இழுபட்டதோ அந்தப் பக்கம் குமிழியும் நீண்டிருக்கிறது. அடி உள்நோக்கிக் குழிந்திருப்பது மேசையில் ஆடாமல் நிற்பதற்கு. தோளில் சுருள்சுருளாகத் தெரிந்த மெல்லிய வரிகள் உருட்டியதன் தடம்.

குறிப்பில் இருந்த மூன்று சொல்லுக்கும் கண்ணாடி தானே சொன்ன கதைக்கும் இருந்த தூரத்தை அன்றைக்குத்தான் உணர்ந்தேன். வேலை நடந்த வரிசை அப்படியே அதில் இருக்கிறது. முதலில் எது, அடுத்து எது, எங்கே கை தயங்கியது என்பதுவரை. ஒரு மண்பானையில் குயவர் ஈரக்கையால் தடவி விரல்தடத்தை அழித்துவிட முடியும். கண்ணாடி ஊதுபவருக்கு அந்தச் சலுகை இல்லை. ஆறிவிட்டால் ஆறியதுதான். இப்படிப் படிக்க வேண்டுமென்றால் எளிய புட்டிகளிடம்தான் போகவேண்டும் என்பது என் கட்சி. கூண்டுக் கிண்ணத்தில் தேய்த்து மெருகேற்றியவரின் கை, ஊதியவரின் கையை அழித்துவிடுகிறது.

அடுத்த பேழையில் வாசனை எண்ணெய்ப் புட்டிகள். விரல் நீளம். ரோமப் பேரரசு முழுக்கக் கல்லறைகளில் கொத்துக்கொத்தாகக் கிடைப்பவை. அதனால்தான் இத்தனை முழுசாக மிஞ்சியிருக்கின்றன. வீட்டில் புழங்கியது உடைந்துபோகும். மண்ணுக்குள் போனது தப்பித்தது. அவற்றின் அடியில் தழும்பு இல்லை. அப்பா தலையைச் சாய்த்துச் சாய்த்துத் தேடினார். கம்பி ஒட்டும் முறை பரவலாவதற்கு முந்தைய காலத்துப் புட்டிகள் பலவும் அப்படித்தான். கழுத்தில் இடுக்கியால் நெருக்கிய ஒரு இடுக்கம் மட்டும் தெரிந்தது. வாய் உள்பக்கமாக மடிந்திருந்தது. "அப்ப வாயை மடிக்கும்போது அடியைப் பிடியால கவ்வியிருக்கணும். நம்ம ஹோல்டர் மாதிரி" என்றார். நம்ம ஹோல்டர். மாடிப்படிக்கு அடியில் இருந்த அந்த அறையில், சிறிய குழாய்களின் முனையைச் சுடரில் மழுக்கும்போது அப்பா பயன்படுத்திய ஸ்பிரிங் வைத்த பிடி எனக்கும் நினைவிருக்கிறது.

ஊதுவது எப்படித் தொடங்கியது என்று அந்த இரவு விடுதி அறையில் அப்பா கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கண்ணாடிப் பாத்திரங்கள் மெசப்பொத்தேமியாவிலும் எகிப்திலும் ஊதுகலைக்கு ஏறக்குறைய 1500 ஆண்டுகளுக்கு முன்பே உண்டு. ஒரு கம்பியின் முனையில் களிமண் கருவைப் பிடித்துவைத்து, அதன்மேல் உருகிய கண்ணாடியைச் சுற்றிச்சுற்றிப் பூசி, ஆறிய பிறகு உள்ளிருக்கும் மண்ணைச் சுரண்டி எடுப்பார்கள். அல்லது அச்சில் வார்ப்பார்கள். ஒரு சின்னப் புட்டிக்கே வெகுநேரம் பிடிக்கும். அரண்மனைக்கும் கோயிலுக்கும்தான் கட்டுப்படியாகும்.

ஊதியதற்கு நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சான்று ஜெருசலேமில் இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் தொல்லியலாளர் நஹ்மான் அவிகாட் பழைய நகரின் யூதப் பகுதியில் அகழாய்வு செய்தபோது, கைவிடப்பட்ட ஒரு சடங்குக் குளியல் தொட்டிக்குள் ஒரு கண்ணாடிப் பட்டறையின் குப்பை கொட்டிக் கிடந்தது. கூடவே கி.மு. 103 முதல் 76 வரை ஆண்ட யூத அரசர் அலெக்சாண்டர் யன்னாயுஸின் நாணயங்கள். அந்தக் குப்பையில் இரும்பு ஊதுகுழலுக்கான தடயம் இல்லை. இருந்தவை கண்ணாடிக் குழாய்கள். குழாயின் ஒரு முனையைச் சூடாக்கி, கிள்ளி மூடி, மறுமுனையில் வாய்வைத்து ஊதியிருக்கிறார்கள். முனை சின்னக் குமிழாக உப்பியிருக்கிறது. அவ்வளவுதான். பாதி உப்பியவை, கோணலாக உப்பியவை எல்லாம் குப்பைக்குப் போயிருக்கின்றன.

அப்பா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "அது எங்க வேலை ஆச்சே பாப்பா!"

அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். குழாயின் முனையை மூடுவது, சுடரில் காட்டுவது, மறுமுனையில் ஊதுவது. அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் கற்றுக்கொண்டது சோதனைக் குழாயின் அடியை உருட்டி மூடுவது. அதே கையசைவு. உலகம் முழுக்க உள்ள ஆய்வகக் கண்ணாடிக்காரர்கள் தங்களை நவீன அறிவியலின் பிள்ளைகள் என்று எண்ணிக்கொண்டிருக்க, இத்தொழிலின் முதல் அடி அவர்கள் வழியில்தான் எடுத்துவைக்கப்பட்டிருக்கிறது. இரும்புக் குழல் பிறகு வந்தது. அது வந்ததும் உலைக்குள்ளிருந்து ஒரு உருண்டையை அள்ளி, தட்டையான கல்லில் உருட்டி, ஊதி, வீசி, பெரிய பாத்திரங்களையும் செய்ய முடிந்தது.

விலை சரிந்தது. கி.மு. 1ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் வாழ்ந்த புவியியலாளர் ஸ்ட்ரேபோ, ரோமில் ஒரு செப்புக்காசுக்குக் கண்ணாடிக் கிண்ணம் கிடைக்கிறது என்று எழுதியிருக்கிறார். இந்த ஒரு வரி எனக்கு எத்தனை பேரரசர்களின் வரலாற்றையும்விடப் பெரிது. அரண்மனைப் பொருள் ஒன்று இரண்டு தலைமுறைக்குள் சந்தைக்கு வந்துவிட்டது. மீன் சாற்றையும் ஊறுகாயையும் அடைத்து வைக்கவும், கடைசியில் வீட்டில் ஒருவர் இறந்தால் அவருடைய சாம்பலை வைத்துப் புதைக்கவும் கண்ணாடிப் பாத்திரம். உடைந்தாலும் வீணில்லை. கண்ணாடிச் சில்லுக்குப் பதிலாகக் கந்தகக் குச்சி கொடுக்கும் தெருவியாபாரியை ரோமக் கவிஞர் மார்ஷியல் ஓரிடத்தில் காட்டுகிறார். ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று கூவிக்கொண்டு வருபவரின் குரல் கேட்டு வளர்ந்த நமக்கு அந்தத் தெருவை விளக்கவேண்டிய தேவையில்லை. சேர்த்த சில்லு எங்கே போகும் என்பதற்கு இத்தாலியின் கிராடோவுக்கு வெளியே கடலில் மூழ்கிக்கிடந்த கப்பல் சாட்சி. 1986இல் கண்டுபிடித்தார்கள். அதில் ஒரு மரப்பீப்பாய் நிறைய உடைந்த கண்ணாடி, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகள். உருக்குவதற்காகப் போய்க்கொண்டிருந்த சரக்கு.

மறுநாள் காலையில் அப்பா முதலில் கேட்டது வானவில்லைப் பற்றி. ரோமக் கண்ணாடி என்றால் பலருக்கும் மனதில் வருவது அந்த மினுக்கம்தான். மழைத்தண்ணீரில் பெட்ரோல் சிந்தினால் வருமே, அந்தப் பச்சையும் ஊதாவும் பொன்னிறமும். செய்தவர்கள் அதைப் பார்த்ததே இல்லை. அவர்கள் கையில் இருந்தபோது அது வெறும் பச்சைநீலம், சாதாரணப் புட்டி.

காரணம் சோடா. பெலுஸ் ஆற்றின் முகத்துவாரத்தில், இன்றைய இஸ்ரேலின் ஆக்கோவுக்குப் பக்கத்தில், கண்ணாடிக்கு ஏற்ற மணல் இருந்தது. அதில் கடற்சிப்பித் தூளும் கலந்திருந்ததால் சுண்ணாம்பு தானாகவே சேர்ந்தது. எகிப்தின் வாடி நட்ரூன் ஏரிகளிலிருந்து நேட்ரான் என்ற இயற்கைச் சோடா வந்தது. நூறு பங்கில் 65 முதல் 70 மணல், 15 முதல் 20 சோடா, மிச்சத்தில் பெரும்பங்கு சுண்ணாம்பு. மணல் தனியாக உருக 1700 டிகிரி வேண்டும். சோடா சேர்ந்தால் விறகு உலையே போதும். இந்தக் கடற்கரையில் கப்பல்காரர்கள் சமைக்கக் கல் கிடைக்காமல் நேட்ரான் கட்டிகளை அடுப்புக்கட்டியாக வைத்ததில் கண்ணாடி பிறந்தது என்று ரோம எழுத்தாளர் பிளினி ஒரு கதை சொல்கிறார். அதைச் சொன்னபோது அப்பா உடனே, "சோறு வடிக்கிற நெருப்புல கண்ணாடி உருகாது" என்று தள்ளிவிட்டார். ஆனால் மணலும் நேட்ரானும் சேரவேண்டும் என்பதில் பிளினி தவறவில்லை.

உருக்க உதவிய அதே சோடாதான் கண்ணாடியின் பலவீனம். மண்ணுக்குள் ஈரம் பட்டுப்பட்டு, நூற்றாண்டு நூற்றாண்டாக, மேற்பரப்பிலிருந்து சோடா கரைந்து வெளியேறுகிறது. மிஞ்சுவது வெங்காயத்தோல் போல் அடுக்கடுக்கான சிலிக்கா ஏடுகள், முடியைவிடப் பலமடங்கு மெல்லியவை. ஒவ்வொரு ஏட்டிலும் பட்டுத் திரும்பும் ஒளி இன்னொன்றோடு மோதி, சில நிறங்கள் வலுக்கின்றன, சில அடங்குகின்றன. அதுதான் வானவில்.

"எனக்குத் தெரியும்" என்றார் அப்பா. எப்படி என்றேன். கல்லூரி ஸ்டோர் ரூமில், மழைக்காலத்தில் சுவர் ஓதம் காக்கும் மூலையில், பழைய சோடா கிளாஸ் குழாய்கள் ஒரு கட்டு கிடந்ததாம். புதிதாக வாங்கியது வரும்வரை அதை எடுத்துச் செய்யச் சொன்னார்கள். சுடரில் காட்டியதும் குழாயின் மேலெல்லாம் பனி படர்ந்ததுபோல் மங்கி, சுருக்கம் விழுந்துவிட்டது. எவ்வளவு சூடாக்கியும் தெளியவில்லை. "ஈரம் சோடாவைத் தின்னுடுச்சு. அது முப்பது வருஷத்துல நடந்தது. இது ரெண்டாயிரம் வருஷம்." பிறகு, வானவில் படர்ந்த ஒரு தட்டைக் காட்டி, "இது அழகுன்னு எல்லாரும் பாக்கறாங்க. எனக்கு நோயாளியைப் பாக்கற மாதிரி இருக்கு" என்றார். எனக்கு அது அழகாகத்தான் இருந்தது. இப்போதும் இருக்கிறது. இந்த ஒன்றில் மட்டும் நாங்கள் ஒத்துப்போகவில்லை.

கண்ணாடியைச் செய்தவரும் ஊதியவரும் ஒருவரல்ல என்பதையும் இங்கே சொல்லவேண்டும். கடற்கரையோரப் பெரிய உலைகளில் மணலையும் நேட்ரானையும் டன் கணக்கில் உருக்கி, ஆறவைத்து, பாறைபோல் உடைத்து, கட்டிகளாகக் கப்பலேற்றினார்கள். ஊதும் பட்டறைகள் எங்கெங்கோ இருந்தன. கட்டியை வாங்கி மீண்டும் உருக்கிக்கொள்வார்கள். அந்தக் கப்பல்கள் நம் பக்கமும் வந்திருக்கின்றன. கி.பி. 1ஆம் நூற்றாண்டில் கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிய செங்கடல் வழிக்குறிப்பு, முசிறித் துறையில் இறங்கும் சரக்குகளின் பட்டியலில் செம்பு, தகரம், ஈயத்தோடு ஊதாத கண்ணாடியையும் சேர்க்கிறது. ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் கி.பி. 301இல் போட்ட விலை உத்தரவில் கண்ணாடிக்கும் இடம் உண்டு: அலெக்சாந்திரியக் கண்ணாடி ராத்தல் 24 டெனாரி, பச்சை ஓடும் யூதேயக் கண்ணாடி 13. அப்பா வியந்த கூஜா 13 டெனாரி ரகம். மணலில் இருக்கும் இரும்புதான் அந்தப் பச்சைநீலத்தைக் கொடுக்கிறது. அதை நீக்கி நிறமற்றதாக்க ஆன்டிமனியோ மாங்கனீசோ சேர்க்கவேண்டும். அது விலையை ஏற்றும்.

இத்தகைய பெரிய உருக்கு எப்படி இருந்திருக்கும் என்பதற்கு இஸ்ரேலின் பெத் ஷெயாரிமில் ஒரு குகைக்குள் கிடக்கும் கட்டியைச் சொல்லலாம். ரோமருக்குப் பிந்தியது, முறை அதேதான். 3.4 மீட்டர் நீளம், ஏறக்குறைய 9 டன். வெறும் கல் என்று எண்ணியிருந்ததை, கண்ணாடி என்று 1963–64இல் உறுதிசெய்ததில் இதே கார்னிங் அருங்காட்சியகத்துக்குப் பங்குண்டு. சுண்ணாம்பு கூடிப்போனதால் பயனற்றதாகி அப்படியே விட்டுவிட்டார்கள். "ஒன்பது டன்னு வீணாப்போச்சா?" அப்பாவுக்கு நெடுநேரம் மனம் ஆறவில்லை. நாள்கணக்கில் விறகு போட்டவர்களை நினைத்திருப்பார்.

பெயர்களுக்கு வருகிறேன். ரோமக் கண்ணாடியில் நமக்குப் பெயர் தெரிந்தவர்கள் சிலர். எல்லோரையும்விடப் புகழ்பெற்றவர் என்னியோன். கி.பி. 1ஆம் நூற்றாண்டின் முற்பாதி, இன்றைய லெபனானில் இருக்கும் சீதோன் பக்கத்தவர் என்று கருதுகிறார்கள். பல துண்டுகளாகப் பிரியும் அச்சுக்குள் ஊதிச் செய்தவர். அச்சின் இணைப்புக் கோடுகள் கண்ணில் படாதபடி பூவேலையின் வரிகளுக்குள் ஒளித்திருக்கிறார். கார்னிங்கில் அவருடைய குடுவை ஒன்று இருக்கிறது. சின்னச் சட்டத்துக்குள் கிரேக்க எழுத்தில் "என்னியோன் செய்தது". அவருடைய சில கிண்ணங்களில் மறுபக்கம் இன்னொரு சட்டம்: "வாங்குபவர் நினைவுகூரப்படட்டும்".

நான் படித்துச் சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "வாங்கினவனையா?" என்றார். பிறகு, "பெரிய மனசுதான்."

இன்னொரு பெயர் சென்டியா செகுண்டா. ஆஸ்திரியாவின் லின்ஸில் கிடைத்த இரண்டு புட்டிகளின் அடியில் அவர் பெயரும், இத்தாலியின் அக்விலேயாவில் கண்ணாடி செய்கிறார் என்ற செய்தியும் பதிந்திருக்கின்றன. பெண். பட்டறை முதலாளியோ, ஊதுபவரோ, அந்த வினைச்சொல் அவருடையது. டிடிமியம் கண்ணாடி போட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்த எட்டு வயதில் இந்தப் பெயர் எனக்குத் தெரிந்திருந்தால், நானும் ஊதக் கற்றுக்கொள்கிறேன் என்று இன்னும் கொஞ்சம் அடம்பிடித்திருப்பேன். அப்போது அப்பா, சூடு, புகை, வேண்டாம் என்றார். நானும் விட்டுவிட்டேன்.

அப்பா தன் வேலையில் எதிலும் பெயர் போட்டதில்லை. ஆய்வக உபகரணத்தில் யார் போடுவார்கள்? ஆனால் துறைக்குள் எந்த மேசையில் இருந்தாலும் தன் ஜாயின்ட்டைத் தெரியும் என்பார். ஒரு குழாயின் பக்கவாட்டில் இன்னொன்றைப் பொருத்தும் டி-சீலில், சேரும் இடம் உள்ளே புடைத்துக்கொள்ளாமல் சீராக வளைந்தால் அது அவர் கை. அவர் ஓய்வுபெற்ற பிறகு அந்தப் பணியிடத்தை நிரப்பவில்லை. பர்னர் இருந்த அறையில் பழைய நாற்காலிகளை அடுக்கியிருக்கிறார்கள். மாணவர்கள் இப்போது உடைந்ததைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிது வாங்குகிறார்கள். இதை அவர் குறையாகச் சொன்னதில்லை. எனக்குத்தான் ஆறவில்லை.

அதனாலேயோ என்னவோ, ஊருக்குத் திரும்பிய பிறகு நான் தேடிப் பார்த்த ஒரு சின்னப் பொருள் என்னை விடவே இல்லை. குரோஷியாவின் அசேரியாவிலும் இத்தாலியின் ஃபெராராவிலும் கிடைத்த சுடுமண் அகல்விளக்குகள். 1ஆம் நூற்றாண்டு. விளக்கின் நடுவட்டத்தில் ஒரு காட்சி: இரண்டடுக்குச் சிறு உலை, அதன் முன்னால் உட்கார்ந்து குழலை ஊதும் ஒருவர், அருகில் இன்னொருவர். உள்ளங்கை அளவு விளக்கில் மனிதர்கள் விரல்நகம் அளவுதான். கண்ணாடி ஊதுபவரை நமக்குக் காட்டும் மிகப் பழைய படம் அதுதான். மாடமாளிகைச் சுவரில் வரைந்த ஓவியம் அல்ல. கடைத்தெருவில் விற்ற விளக்கு. அந்த இரண்டாவது ஆளை நான் மறக்கவில்லை. அப்பாவிடம் படத்தை அனுப்பியதும் அவர் முதலில் காட்டியதும் அவரைத்தான். "நெருப்பைப் பாக்கறவன் இல்லேன்னா ஆற வைக்கிறவன். அவன்தான் முக்கியம்."

ஆறவைப்பது பற்றி அவர் சொல்லாத நாளில்லை. தடித்த கைப்பிடியும் மெல்லிய உடலும் ஒரே வேகத்தில் ஆறாது. மெல்லியது முந்திக்கொள்ளும், தடித்தது பின்தங்கும், இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். வெளியே தெரியாது. ஒரு நாள் கழித்தோ ஒரு மாதம் கழித்தோ, அலமாரியில் தானாகவே டிக் என்று விரிசல் விடும். சோடா கிளாஸ் சூட்டில் போரோசிலிகேட்டைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு விரிவது, ஆகவே இன்னும் பொல்லாதது. இவர் போரோசிலிகேட்டை 560 டிகிரியில் ஓவனில் வைத்து, மெல்ல மெல்ல இறக்குவார். ரோமப் பட்டறையில் வெப்பமானி ஏது? உலையின் சுவர் நிறத்தைப் பார்த்து யாரோ ஒருவர், எப்போது உள்ளே வைப்பது, எப்போது வெளியே எடுப்பது என்று சொல்லியிருக்கிறார். இந்தக் கூஜா ஏறக்குறைய 2000 ஆண்டாக விரிசல் விடாமல் நிற்கிறதென்றால் அந்த ஒருவர் சரியாகச் சொன்னார் என்று பொருள்.

கல்லறையில் தப்பித்த கண்ணாடிகள் கார்னிங்கில் இன்னொரு ஆபத்தையும் தாண்டியிருக்கின்றன. 1972 ஜூன் 23 அன்று ஆக்னஸ் புயல் மழையில் செமங் ஆறு கரையுடைத்து, அருங்காட்சியகத்துக்குள் ஐந்து அடிக்கு மேல் தண்ணீர் புகுந்தது. 13,000 பொருள்களில் 528 சேதமடைந்தன. நூலகத்துப் புத்தகங்கள் சேற்றில் ஊறின. ஊழியர்கள் ஒவ்வொன்றாகக் கழுவி, ஒட்டி, ஆகஸ்ட் 1ஆம் தேதி கதவைத் திறந்துவிட்டார்கள். இதைக் கேட்டதும் அம்மா, அதுவரை பெஞ்சில் உட்கார்ந்து பொறுமையாகக் காத்திருந்தவர், "நம்ம காவேரி உறையூருக்குள்ள வந்தப்ப மாதிரியா?" என்றார். 1977இல் திருச்சியில் வந்த வெள்ளம். அவருக்கு அதற்கப்புறம்தான் அந்தக் கண்ணாடிகள் மேல் ஒரு ஒட்டுதல் வந்தது. எழுந்து வந்து பார்த்தார்.

மதியம் சுடர் வேலை செய்து காட்டும் நிகழ்ச்சி. மேடையில் ஒரு இளம்பெண், பர்னர், போரோசிலிகேட் கம்பி, கண்ணில் டிடிமியம். அப்பா முதல் வரிசையில். அவர் கைகள் மடியில் இருந்தன. அந்தப் பெண் கம்பியை உருட்டத் தொடங்கியதும் அப்பாவின் இரண்டு கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் உருளத் தொடங்கின. ஒரே வேகத்தில், ஒன்றுமில்லாத ஒன்றை. ஓய்வுபெற்று ஒன்பது ஆண்டுகள். அந்தப் பெண் ஒரு கணம் உருட்டுவதை நிறுத்தி எங்களைப் பார்த்து ஏதோ விளக்கினாள். அப்பாவின் கை நிற்கவில்லை.

கிளம்பும் நேரம். நயாகராவில் கடையில் வாங்கிய பை, அம்மாவின் மாத்திரை, காருக்கு எரிபொருள் என்று நான் கணக்குப்போட்டுக்கொண்டிருந்தபோது அப்பாவைக் காணவில்லை. எங்கே இருப்பார் என்று தெரியும். பச்சைநீலக் கூஜாவின் முன்னால் இல்லை, பின்னால். பேழையின் மறுபக்கம் சுவருக்கும் கண்ணாடிக்கும் இடையில் ஒரு ஆள் ஒருக்களித்து நிற்கும் இடம்தான் இருந்தது. அங்கே நின்றுகொண்டு கையசைத்தார்.

"இங்க வா. கைப்பிடிக்குப் பக்கத்துல, தோள்ல. தெரியுதா?"

முதலில் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. பூனைப் பாதத்துக்கு ஒரு விரல் தள்ளி, கடுகளவு ஒரு மேடு. தட்டையாக, ஓரம் மழுங்கி.

"முதல்ல அங்க வச்சிருக்கான். பிடிக்கல. எடுத்துட்டு, திரும்பச் சூடாக்கி, ரெண்டாந்தடவை இங்க வச்சிருக்கான். கழுத்து சாய்ஞ்சது அப்பதான். ரெண்டு தடவை உலைக்குள்ள போயிருக்கு இல்ல, அதான் இளகிடுச்சு." நேற்றிரவு முழுக்க அந்தச் சாய்ந்த கழுத்துதான் அவரைத் தூங்கவிடவில்லையாம். இவ்வளவு நல்ல கைக்காரன் கழுத்தை ஏன் சாயவிட்டான் என்று.

நான் போனை எடுத்துப் படம் பிடித்துக் காட்டினேன். அவர் இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். மேட்டின் மேல் விளக்கின் வெளிச்சம் பட்டுப் பளபளத்துக்கொண்டிருந்தது.

"இன்னும் கொஞ்சம் கீழேருந்து எடு" என்றார்.